ஆளைப் பார்க்கிறோம், வீட்டைப் பார்ப்பதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு இது. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

புசல்லாவையில் ஒரு வீடோ அறையோ வாடகைக்குக் கேட்டுப் போனால் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊர்? என்ன வேலை? வீட்டில் எத்தனை பேர்? குடிப்பழக்கம் இருக்கிறதா? என்ன சமைப்பீர்கள்? அடையாள அட்டையின் பிரதி ஒன்று வேண்டும். தெரிந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அட்வான்ஸ் ஆறு மாதம். போதாததற்கு, வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற விபரத்தைப் பொலிஸார் கேட்டுப் பெறப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் இடமிருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படித்த, வேலை பார்த்த தமிழ் பேசுகிற யாருக்கும் அந்தப் படிவம் மறந்திருக்காது. ஆக, குடிவரப் போகிற ஆள் நாலு பக்கத்தாலும் பரிசோதிக்கப்படுகிறார்.

அந்த வீட்டைப் பரிசோதித்தது யார்?

சில மாதங்களாக இந்தக் கேள்வியைக் காண்கிறவர்களிடம் எல்லாம் கேட்கிறேன். அநேகமாக ஒரு சிரிப்புத்தான் பதிலாக வருகிறது. "சேர், வாடகை வீடு கெடைக்கிறதே பெரிய விசயம், இதுல பரிசோதனை வேறயா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விட மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதை நான் விவரிக்கத் தேவையில்லை. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள். கண்டி மாவட்டம்தான் அதிகமாகப் பறிகொடுத்தது. கம்பளை தண்ணீரில் கிடந்தது. நுவரெலியாப் பாதை மண்ணில் கிடந்தது. மேலே சரிவுகளிலும் லயன்களிலும் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். சிலருக்கு வீடே இல்லை. சிலருக்கு வீடு நிற்கிறது, ஆனால் சுவரிலும் முற்றத்திலும் வெடிப்பு, திரும்பிப் போக வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பாடசாலைகளிலும் கோயில், பள்ளிவாசல் மண்டபங்களிலும் எத்தனை நாளைக்கு இருப்பது? அரசாங்கம் வாடகைக் கொடுப்பனவு அறிவித்தது. நல்ல காரியம். அதன் பிறகு பஸாரில் காலியாகக் கிடந்த ஸ்டோர் அறை, கராஜ், மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலை எல்லாம் ஒரே மாதத்தில் "வீடு" ஆகிவிட்டன. மண் சரியும் என்று பயந்து ஓடி வந்தவர்கள் எந்தக் கூரைக்கு அடியில், எந்தச் சுவருக்குப் பக்கத்தில் இப்போது படுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் வந்தார். தோட்டத்து மனிதர். "சேர், பஸார்ல ஒரு வீடு கெடச்சிருக்கு. ஹாஜியாருக்கு உங்கள நல்லாத் தெரியுமாம். நீங்க ஒரு வார்த்த சொன்னா அட்வான்ச கொறைப்பாரு." ஆளுக்குச் சாட்சி சொல்ல என்னை அழைக்கிறார், அவ்வளவுதான். போனேன். போனதோடு வீட்டையும் பார்த்தேன்.

நம் பஸாரின் அமைப்பு தெரியாதவர்களுக்கு: பாதையோரத்தில் கடை, பார்த்தால் ஒரு மாடி, இரண்டு மாடி. பின்பக்கம் பள்ளத்தாக்கு. ஆகவே பாதை மட்டத்துக்குக் கீழேயும் ஒன்று, இரண்டு தட்டுகள் இருக்கும். அந்தக் கீழ்த்தட்டில்தான் இந்த வீடு. முன்பு கடைச் சாமான் அடுக்கிய இடம். நடுவில் பலகை அடித்து இரண்டு அறையாக்கி, ஒரு மூலையில் சிமெந்துத் தட்டு போட்டுக் குசினி என்று சொல்லியிருக்கிறார்கள். மாதம் 15,000 ரூபா.

ஒரு சுவர் பாதைக்கு அடியிலுள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. நெஞ்சு உயரத்துக்கு ஈரம். கையை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட வேண்டும். துளை இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் முழுவதும் சுவருக்குப் பின்னால் தேங்கும், மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்து தள்ளும். அந்தச் சுவரில் ஒரு துளைகூட இல்லை. இருந்த ஒன்றிரண்டையும் பூசி மூடியது போலத் தெரிந்தது. பூசினால் சுவர் அழகாக இருக்கும் அல்லவா.

கரண்ட் மேலே கடையிலிருந்து ஒரு வயரில் வருகிறது. ஒரு சப் மீட்டர் இருக்கிறது. யூனிட் கணக்கெடுக்க மறக்கவில்லை. ட்ரிப் சுவிட்ச் இல்லை. அந்த வயரின் கடைசியில் ஒரு மல்டி பிளக், அதில் மின்கேத்தல், ஃப்ரிஜ், டீவி எல்லாம் குடியேறப் போகின்றன. ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று என் பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடத்தில் சொல்லிக்கொடுப்பேன்: போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு எங்காவது, ஒரு மனித உடம்பின் வழியாக என்று வையுங்கள், ஒழுகினால் கண்மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். சாதாரண ஃபியூஸ் அப்படி அல்ல. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஈரச் சுவரில் ஆணி அடித்து வயர் இழுத்த அறையில் இதுதான் முதலில் வேண்டியது.

வாசல் ஒன்று. மாடிப்படி வழியாக மேலே வந்து கடைக்குப் பக்கத்தால் பாதைக்கு ஏற வேண்டும். ஜன்னல் ஒன்று. அதற்குக் கள்ளனுக்குப் பயந்து இரும்புக் கிறாதி, கொங்கிறீட்டில் பதித்தது. படியில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவருக்குப் போக வழியில்லை. ஒரே வழி என்றால் என்ன என்பதைக் கண்டி 2019 பெப்ரவரியில் பார்த்தது. யட்டிநுவர வீதியில் ஒரு மாடிக் கட்டடம் தீப்பற்றியபோது மேலே சிக்கிக்கொண்ட தகப்பன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கீழே போட்டார், பாதையில் நின்ற சனம் கையில் ஏந்திப் பிடித்தது. அந்தக் குடும்பம் முழுவதும் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்குக் குதிக்க ஒரு ஜன்னலாவது இருந்தது.

காஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. ஒழுகினால் தரையோடு படரும், பள்ளத்தில் போய்த் தங்கும். மேலே உள்ள ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது, சுவரின் அடியில் வெளிக்காற்றுக்கு ஒரு வழி வேண்டும். பாதை மட்டத்துக்குக் கீழே, மூன்று பக்கமும் அடைத்த ஓர் அறையில் சிலிண்டரை வைப்பது கிணற்றுக்குள் வைப்பது மாதிரி. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த செய்தியை மறந்துவிட்டோமா?

ஹாஜியார் நல்ல மனிதர். ஸதகாவுக்குக் கை நீளமானவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் சுவரைத் தட்டுவதையும் கிறாதியை ஆட்டுவதையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனத்த சேர், வீடு பாக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தீங்களா?"

"ஹாஜியார், இந்தக் கட்டடத்துக்கு சி.ஓ.சி. இருக்கா?"

"இது வாப்பா கட்டினது. நாப்பது வருஷமா அசையாம நிக்குது. பேப்பர் கீப்பர் ஒண்டும் இது வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

ஒருத்தரும் கேட்டதில்லை. முழு விடயமும் இந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. சி.ஓ.சி. என்று நாம் சொல்லும் இணக்கச் சான்றிதழ் புதிதாக வந்த ஒன்றல்ல. வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது. அந்தச் சட்டம் பொருந்தும் இடங்களில் கட்டடம் கட்ட முன் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். கட்டி முடித்த பிறகு, அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டப்பட்டிருக்கிறது என்ற சான்றிதழ் கிடைக்கும் வரை காவலாளியைத் தவிர வேறு யாரும் அதில் குடியிருக்கக் கூடாது. இன்னொன்றும் அதில் உண்டு, அதைத்தான் பலர் அறிவதில்லை. மனிதர் குடியிருப்பதற்காகக் கட்டப்படாத ஒன்றைக் குடியிருப்பாக மாற்றுவதும், ஒரு வீட்டை உடைத்து இரண்டு மூன்று வீடாக்குவதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் கட்டட மாற்றம்தான். அதற்கும் அனுமதி வேண்டும். ஸ்டோரில் பலகை அடித்து அறையாக்குவது நம்முடைய சொந்த விடயம் என்று நினைக்கிறோம், சட்டம் அப்படி நினைக்கவில்லை. மலைநாட்டு மாவட்டங்களில் 2011க்குப் பிறகு புதிதாகக் கட்டுவதற்கு மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும்.

எல்லாம் கட்டும்போது. ஒரு தடவை. அதன் பிறகு கட்டடத்துக்கு வயதாவதை யாரும் பார்ப்பதில்லை.

கட்டும்போது விட்ட பிழை என்ன செய்யும் என்பதற்குப் பூவெலிகடையை விட வேறு உதாரணம் தேவையில்லை. 2020 செப்டம்பர் 20, ஞாயிறு அதிகாலை. கண்டி நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம் அப்படியே அமிழ்ந்து சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. இளம் தாய், தகப்பன், பிறந்து சில வாரமேயான குழந்தை மூவரும் மரணித்தார்கள். இன்னா லில்லாஹி. அவர்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் அல்லர், தங்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். அத்திவாரம் எப்படி, அனுமதி எப்படி, பார்த்த அதிகாரி யார் என்ற கேள்விகள் எல்லாம் பிறகு வந்தன. விசாரணைக் குழு வந்தது. கட்டட உரிமையாளர் கைதானார். சில நாட்களுக்குக் கண்டியிலுள்ள உயரமான கட்டடங்கள் எல்லாம் பத்திரிகையில் பேசப்பட்டன. அப்புறம் கொவிட் மறுபடியும் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"சேர், அது வேற. நம்மட கட்டடம் ஸ்ட்ரோங்" என்றார் ஹாஜியார். இருக்கலாம். ஆனால் கட்டடம் உறுதியாக இருப்பதும் அதற்கு முதுகு கொடுத்து நிற்கும் மண் உறுதியாக இருப்பதும் இரண்டு விடயம். நாற்பது வருடம் அசையாமல் நின்றது என்பது அந்தச் சுவர் நாற்பது வருட மழையைக் குடித்திருக்கிறது என்பதும்தான்.

சரி, வாடகைக்குக் கொடுத்தபின் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது? நம் ஊரில் பொதுவான பதில்: "இருக்கிறவன்தான் பார்க்க வேணும்." சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. இலங்கையின் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்துச் சட்டம். ஒல்லாந்தர் போய் இருநூறு வருடம் தாண்டிவிட்டது, அவர்களுடைய சட்டம் நம் வாடகை வீட்டுக்குள் இன்னும் குடியிருக்கிறது, அதுவும் வாடகை கொடுக்காமல். அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, எந்தத் தேவைக்காக வீடு கொடுக்கப்பட்டதோ அந்தத் தேவைக்கு ஏற்ற நிலையில் அதை ஒப்படைப்பதும் அந்த நிலையிலேயே வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை. குடியிருப்பவர் உடைத்ததைக் குடியிருப்பவர் கட்ட வேண்டும். காலத்தால் பழுதானது வீட்டுக்காரருடைய பொறுப்பு. 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் கண்டிப்பாகப் போனது. அது பொருந்தும் குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது. ஆனால் 1980இல் வந்த திருத்தத்தோடு புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இன்று நாம் எடுக்கும் வீடுகளில் அநேகமானவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குடியிருப்பவரை விரைவாக எழுப்புவதற்கு மட்டும் 2023இல் தனியாக ஒரு சட்டமே வந்தது.

மரணம் நடந்தால் கதை வேறு. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. நட்டஈட்டு வழக்கு தனி. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்கிற வீட்டுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். சாதாரண கவனமுள்ள ஒரு மனிதருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

ஹாஜியாரிடம் நான் 298ஐப் பற்றிப் பேசவில்லை. அது அவருடைய வீட்டில் இருந்துகொண்டு பேசும் பேச்சல்ல. இஜாராவைப் பற்றிப் பேசினேன். பிக்ஹில் வாடகை ஒப்பந்தத்துக்கு என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. வாடகையில் விற்கப்படுவது பொருள் அல்ல, அதன் பயன். அந்தப் பயன் கிடைக்கும்படி பொருளை வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு. கூரை, சுவர், அத்திவாரம் போன்ற பெரிய திருத்தங்களைக் குடியிருப்பவரின் தலையில் கட்ட முடியாது. குடியிருப்பவரின் கையில் வீடு அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ கவனயீனமாக நடந்தாலோ தவிர, பழுதுக்கு அவர் பொறுப்பாளியல்லர். ஒல்லாந்துச் சட்டமும் நம் பிக்ஹும் இந்த இடத்தில் கைகோத்து நிற்கின்றன. வட்டி ஹராம் என்று வங்கிப் பக்கமே போகாத எத்தனையோ பேர், ஓடு ஒழுகும் வீட்டுக்கு முழு வாடகை வாங்குவதில் ஒரு கேள்வியும் இல்லாமல் இருக்கிறோம். ஜும்ஆவில் இதைப் பற்றி ஒரு குத்பா கேட்க எனக்கு ஆசை. (மௌலவிமார் யாராவது வாசித்தால் கவனிக்கவும்.)

இவ்வளவும் எழுதிவிட்டு லயனைப் பற்றி எழுதாமல் போனால் அந்தத் தகப்பன் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வாடகை கொடுக்காமல், சொந்தமும் இல்லாமல் மனிதர் குடியிருக்கும் மிகப் பெரிய குடியிருப்பு மலையகத்து லயன்தான். அதற்கு வீட்டுக்காரர் யார்? நிலம் அரசாங்கத்துடையது. 1992 முதல் முகாமைத்துவம் கம்பனிகளுடையது. கூரைத் தகரம் ஒரு தேர்தலுக்கு ஒருவர் தருகிறார். ஒழுகுகிறது என்று துரையிடம் போனால் வேறொரு அலுவலகத்தைக் காட்டுவார், அந்த அலுவலகம் கம்பனியைக் காட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் 1912இல் வந்த தோட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம்கூட லயனையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சகரின் தலையில் நேரடியாகப் போட்டது. குடியாட்சிக் காலத்தில் பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையால் தோட்டத்துக்குள் கால் வைக்கத் தயங்கின. அதைத் திருத்த 2018 வரை போனது. ஒரு லயனில் பத்துக் குடும்பம், தொடர்ச்சியாக ஒரே கூரை, நடுவில் ஓடுவது ஒரே மரச்சட்டம். ஓர் அறையில் மின்சார ஒழுக்கால் தீ பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் முழு லயனும் இருக்கும். மண்சரிவுக்கு மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்பது மரணங்களுக்குப் பிறகு நமக்குத் தெரிந்தது. பரிசோதனை நடந்திருக்கிறது. அதன் முடிவை நிறைவேற்றும் பொறுப்பை எடுத்தவர் இல்லை.

அப்படி ஒரு லயனிலிருந்து இறங்கி வந்தவருக்கு, சுவரில் துளை இல்லை, ட்ரிப் சுவிட்ச் இல்லை என்று நான் போய்க் குறை சொன்னால் எப்படி இருக்கும்? "சேர், லயனுக்கு இது மாளிகை" என்றார். அவருடைய மகள் மட்டும் கிறாதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம் நாட்டில் வீட்டுக்குள் வந்து பரிசோதிக்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பி.எச்.ஐ. மாத்தயா. டெங்கு வந்தால் பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார், பீலியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஏணி வைத்துப் பார்ப்பார், புழு இருந்தால் வழக்கு. 2007இல் நுளம்பு பெருக்கத் தடைச் சட்டம் வந்ததிலிருந்து அவருக்கு அந்த வேலையில் ஓய்வில்லை. நான் குறை சொல்லவில்லை, அதனால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் அந்த ஏணியில் நிற்கும்போது பீலிக்குப் பக்கத்தில் சுவர் இரண்டாகப் பிளந்திருந்தாலும் அது அவருடைய படிவத்தில் இல்லை. மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற கட்டடத்தை மூடும்படி நீதவானின் கட்டளை பெறுவதற்கு 1915ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்பதோடு சரி. காலத்துக்குக் காலம் வாடகை வீட்டைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

இங்கிலாந்தில் வாடகை வீட்டின் மின்சார வயரிங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும் காஸ் இணைப்பை ஒவ்வொரு வருடமும் தகுதியுள்ள ஒருவர் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், பிரதி குடியிருப்பவருக்குப் போக வேண்டும். அங்கேயும் சும்மா வரவில்லை. ரொச்டேல் என்ற ஊரில் சூடானிலிருந்து போன ஒரு குடும்பம். சுவரெல்லாம் பூஞ்சணம். முறைப்பாடு செய்து செய்து களைத்தார்கள். நீங்கள் வாழும் முறைதான் காரணம் என்று வீட்டைக் கொடுத்த நிறுவனம் அவர்கள் மேலேயே பழியைப் போட்டது. 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை மூச்சுத் திணறி மரணித்தது. நீண்ட நாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே "அவாப் சட்டம்" வந்தது. சமூக வாடகை வீடுகளில் ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டுக்கு இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், இத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்ற கணக்கு 2025 ஒக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் ஈரச் சுவரைக் காட்டினால், "ஜன்னலத் திறந்து வைங்க" என்பார்கள். ஜன்னல் எங்கே என்று கேட்கக் கூடாது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். சட்டம் பேசி அந்த வீட்டை மூட வைப்பது என் நோக்கமல்ல. மூடினால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? ஹாஜியாரோடு மூன்று தடவை பேசினேன். இரண்டாவது தடவை அவருடைய மகனும் இருந்தார், பேராதனையில் படிக்கிறவர், என் பக்கம் சேர்ந்துகொண்டார். முதலில் ட்ரிப் சுவிட்ச். சான்றிதழ் உள்ள ஒரு மின் வேலையாளைக் கூப்பிட்டுக் கீழ்த்தட்டுக்கென்று தனியாகப் போட்டு, எர்த் கம்பியும் அடித்தாயிற்று. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் அது அவளுடைய வேலை. அடுத்தது கிறாதி. மேசனைக் கொண்டு ஒரு பக்கம் வெட்டிப் பிணைச்சல் போட்டு உள்ளிருந்து கொண்டியைத் தூக்கித் திறக்கும்படி செய்தார்கள். பூட்டுப் போடவில்லை, தீயில் சாவி தேட முடியாது. சிலிண்டர் வெளிப்படிக்கு அடியில் போய்விட்டது.

சுவர்தான் இன்னும் முடியவில்லை. துளை போடுவது மேசன் கண்மதிப்பில் செய்யும் வேலையல்ல, பின்னால் என்ன மண், எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஹாஜியாரே கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். டித்வாவுக்குப் பிறகு அவர்கள் மேசையில் எத்தனை ஆயிரம் கடிதம் கிடக்கிறதோ. பதில் வரும் வரை அந்தச் சுவரோரத்தில் யாரும் படுப்பதில்லை. அலுமாரிகளை அங்கே வைத்துக் கட்டிலை மறுபக்கம் போட்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் மூன்று மாதமாகக் குறைந்தது.

ஒப்பந்தம் பற்றியும் இரண்டு வார்த்தை. முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி போட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். 1840ஆம் ஆண்டு மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அது மாதாந்த வாடகை அளவில்தான் நிற்கும். நொத்தாரிசுக் கட்டணம் பெரிதாகத் தெரியும், தெரிந்த ஒரு சட்டத்தரணி குறைத்துச் செய்துகொடுத்தார். அதில் வழமையாக வரும் "குடியிருப்பவர் சகல திருத்தங்களையும் தன் செலவில் செய்ய வேண்டும்" என்ற வரியை எடுத்துவிடச் சொன்னோம். இந்த வரியைக் கவனியுங்கள், பெரும்பாலான மாதிரிப் படிவங்களில் இருக்கிறது. கையொப்பமிட்டால் ஒல்லாந்துச் சட்டம் கொடுத்ததை நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாகக் கூரை, சுவர், வயரிங் உரிமையாளருடையது, குழாய் வாஷர், பல்ப், கண்ணாடி குடியிருப்பவருடையது என்று பிரித்து எழுதினோம். குடிபோகிற அன்று ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து இரண்டு பேருடைய வட்ஸ்அப்பிலும் போட்டோம். வெடிப்புகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதினோம். வெடிப்பு கோட்டைத் தாண்டி நீண்டால் தெரிந்துவிடும்.

கடைசியாகச் சேர்த்த நிபந்தனை சட்டத்தரணிக்கே புதிது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மண்சரிவு பற்றி விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் மழைமானி வைத்து அளக்கிறார்கள், அந்தப் பிள்ளைதான் அதற்குப் பொறுப்பு. 75 தாண்டிய இரவுகளில் குடும்பம் கடைக்கு மேலுள்ள மண்டபத்தில் படுக்கலாம், அதற்குத் தனி வாடகை இல்லை, மண்டபச் சாவியில் ஒன்று அவர்களிடமே இருக்கும் என்று எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சாவியை ஹாஜியார் அன்றே கொடுத்துவிட்டார்.